பேட்ச் பாதியில் நின்ற சர்வரில் மிரர் டிஸ்க்குகளைத் தரவு போகாமல் திரும்பச் சேர்ப்பது எப்படி?

கேள்வியின் சாரம் இதுதான். திருமங்கலத்தில் ஒரு மொத்த மளிகைக் கடை. உபுண்டு சர்வர், 2 டிபி டிஸ்க் இரண்டு, எம்டி‑ஆடம் (லினக்ஸில் டிஸ்க்குகளை ஒன்றாகக் கட்டும் மென்பொருள்) வழியாக ரெய்டு 1, அதாவது இரண்டு டிஸ்க்கிலும் ஒரே தரவு இருக்கும் மிரர். முன்ஜாக்கிரதையாக ஒரு டிஸ்க்கை மிரரிலிருந்து விலக்கி வைத்துவிட்டுப் பேட்ச் (சிஸ்டம் அப்டேட்) போட்டிருக்கிறார். பேட்ச் பாதியில் நின்றது தெரியாமல் அன்று முழுக்கப் பில் போட்டாயிற்று. மறுநாள் சர்வர் ஏறவில்லை. விலக்கி வைத்த டிஸ்க்கைத் திரும்பச் சேர்த்தால் சரியாகிவிடுமா என்று கேட்கிறார்.

இப்போதைக்குச் சேர்க்காதீர்கள். ரீபில்ட் என்பது ஒரு டிஸ்க்கிலிருந்து இன்னொன்றுக்கு ஒருவழி நகல், அவ்வளவுதான். இரண்டிலும் உள்ள நல்லதை எடுத்து ஒன்றாக்கித் தராது. உங்களிடம் விலக்கி வைத்த பழைய டிஸ்க்கில் ஒழுங்கான சிஸ்டம் இருக்கிறது, கடைசி நாள் பில் இல்லை. பேட்ச் போட்ட டிஸ்க்கில் பில் இருக்கிறது, சிஸ்டம் கெட்டுக் கிடக்கிறது. எதிலிருந்து எதற்கு நகல் போகிறது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். விட்டால் எம்டி‑ஆடம் முடிவு செய்துவிடும், அது உங்களுக்குச் சாதகமாக இருக்காது.

காரணம், ஒவ்வொரு டிஸ்க்கின் சூப்பர்பிளாக்கிலும் (மிரர் பற்றிய விவரம் பதிந்திருக்கும் இடம்) 'ஈவென்ட்ஸ்' என்று ஒரு எண் இருக்கிறது. மிரரின் நிலை மாற மாற அது ஏறும். இரண்டையும் ஒன்றாகச் செருகினால் எண் அதிகமுள்ள டிஸ்க்கைத்தான் எம்டி‑ஆடம் நம்பும். ஒரு டிஸ்க் தானாகச் செத்துப்போன சமயத்தில் இந்த விதி சரி. உங்கள் விஷயத்தில் எண் அதிகமாக இருக்கப்போவது பேட்ச் போட்ட டிஸ்க்கில். 100 ஜிபிக்கு மேற்பட்ட மிரரில் பிட்மேப் (எந்தெந்தப் பகுதி மாறியது என்ற குறிப்பு) தானாகவே போட்டிருக்கும். அதனால் 'ரீ‑ஆட்' (விலக்கிய டிஸ்க்கைத் திரும்பச் சேர்க்கும் கட்டளை) கொடுத்தால் மாறிய பகுதிகளை மட்டும் மளமளவென்று எழுதி முடித்துவிடும். நீங்கள் பொத்திப் பொத்தி வைத்த பழைய சிஸ்டம் அதோடு காலி.

எது எந்த டிஸ்க் என்று குழப்பமாக இருந்தால் எம்டி‑ஆடத்தின் 'எக்ஸாமின்' கட்டளை கொடுத்துக் கடைசி வரிகளைப் பாருங்கள். 'அரே ஸ்டேட்' என்ற இடத்தில் விலக்கிய டிஸ்க் இரண்டு ஏ காட்டும், ஏனென்றால் தன்னை விலக்கிய சேதி அதற்கே தெரியாது. ஓடிக்கொண்டிருந்த டிஸ்க் ஒரு ஏ, ஒரு புள்ளி காட்டும். 'எஸ்டிஏ', 'எஸ்டிபி' என்ற பெயர்களை நம்ப வேண்டாம், கேபிளை மாற்றினால் பெயரும் மாறிவிடும். சீரியல் நம்பர்தான் நிலையானது. மதுரைக் கீழமாசி வீதியில் நான் பார்த்துக்கொள்ளும் கடையில் சர்வர் மிளகாய் மூட்டைகளுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. பெட்டியைத் திறந்தாலே தும்மல். அந்த அண்ணாச்சி, மூட்டையில் மார்க் போடுகிற பேனாவாலேயே டிஸ்க்கின் மேல் சீரியலின் கடைசி நாலு எழுத்தையும் தேதியையும் எழுதி வைத்திருக்கிறார். நான் பார்த்த எந்த லேபிளையும் விட அது தெளிவு.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி ஓரமாக வையுங்கள். சர்வரை ஒரு லைவ் யுஎஸ்பி (நிறுவாமலே ஓடும் லினக்ஸ்) வழியாக ஏற்றி, பேட்ச் போட்ட டிஸ்க்கை டிடிரெஸ்க்யூ என்ற நகலெடுக்கும் மென்பொருளால் ஒரு 4 டிபி எக்ஸ்டெர்னல் டிஸ்க்கில் இமேஜ் ஃபைலாக நகல் எடுங்கள். இனி பில்லுக்கு ஒரு காப்பு இருக்கிறது.

அப்புறம் சர்வர் ஏறும்போது வரும் கிரப் மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய்ப் பழைய கெர்னலை (சிஸ்டத்தின் மையப் பகுதி) தேர்ந்தெடுத்துப் பாருங்கள். பேட்ச் பாதியில் நின்ற கேஸ்களில் புது கெர்னலின் இனிட்ராம்எஃப்எஸ் (சிஸ்டம் ஏறத் தொடங்கும்போது தேவைப்படும் ஃபைல்) அரைகுறையாக இருப்பது சகஜம், பழையது ஏறிவிட வாய்ப்புண்டு. ஏறிவிட்டால் 'டிபிகேஜி' (உபுண்டுவில் பேக்கேஜ்களை நிறுவும் கட்டளை) வழியாகப் பாதியில் நின்ற பேக்கேஜ்களை முடித்து, இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பித்து, ஒருமுறை ரீபூட் செய்து உறுதிசெய்யுங்கள். அதன்பின் பழைய டிஸ்க்கைத் தாராளமாக 'ரீ‑ஆட்' செய்யலாம். திசை சரி, பில்லும் பத்திரம்.

ஏறவில்லை என்றால்தான் பழைய டிஸ்க்குக்குத் திரும்ப வேண்டும். இதை மட்டும் செருகி 'அசெம்பிள்', 'ரன்' கொடுத்தால் ஒற்றை டிஸ்க்காக ஏறும். டேட்டாபேஸில் ஒன்றிரண்டு ஃபைலைப் பொறுக்கிப் போட்டால் ஓடாது. இமேஜிலிருந்து டேட்டாபேஸ் ஃபோல்டரை முழுசாக எடுத்து, வேறொரு மெஷினில் அதே வெர்ஷனில் ஏற்றி, டம்ப் (மொத்தத் தரவின் நகல் ஃபைல்) எடுத்து இங்கே கொண்டுவாருங்கள். பில் எண்கள் தொடர்ச்சியாக வருகின்றனவா என்று கணக்குப்பிள்ளையை உட்காரவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் சரி என்று சொல்லும்வரை மற்ற டிஸ்க்கைத் தொடாதீர்கள்.

இந்தக் கட்டத்தில் இரண்டு டிஸ்க்கும் தனித்தனியாக எழுதப்பட்டவை. 'ரீ‑ஆட்' கொடுத்தால் பிட்மேப் சொல்லும் துண்டுகள் மட்டும் மாறி, பாதி இது பாதி அது என்று ஆகிவிடலாம். எனவே பேட்ச் போட்ட டிஸ்க்கின் சூப்பர்பிளாக்கை 'ஜீரோ' செய்துவிட்டு, புது டிஸ்க் போல 'ஆட்' செய்யுங்கள். சீரியலை இரண்டு தடவை பார்த்துவிட்டு என்டர் தட்டுங்கள். புதிதாக மிரர் உருவாக்கும் 'கிரியேட்' கட்டளை பக்கமே போக வேண்டாம். யூடியூப் வீடியோக்களில் அதைச் சர்வசாதாரணமாகச் சொல்கிறார்கள், பார்த்தாலே எனக்கு வயிறு கலங்கும்.

'ஆட்' கொடுப்பதற்கு முன் மூல டிஸ்க்கின் (எதிலிருந்து நகல் போகிறதோ அது) ஸ்மார்ட் விவரத்தில், அதாவது டிஸ்க் தன் உடல்நிலையைப் பற்றித் தானே தரும் பட்டியலில், 197 என்ற எண்ணுள்ள வரியைப் பாருங்கள், படிக்க முடியாமல் நிலுவையில் உள்ள செக்டர்களின் எண்ணிக்கை அது. பூஜ்யமாக இல்லாவிட்டால் ரீபில்டுக்கு முன் அந்த டிஸ்க்கையும் டிடிரெஸ்க்யூ செய்துவிடுங்கள். வருஷக்கணக்கில் யாரும் படிக்காத மூலைகளையெல்லாம் ரீபில்ட் படிக்கும், கெட்ட இடம் அப்போதுதான் வெளியே வரும்.

நொடிக்கு 150 எம்பி என்று வைத்தால் 2 டிபிக்கு மூன்றே முக்கால் மணி நேரம், நடைமுறையில் இன்னும் கூடும். கடை திறந்து பில் ஓடினால் இன்னும் இழுக்கும். மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் நாளில் ஆரம்பிக்காதீர்கள். கீழமாசி வீதிக் கடைக்கு நான் இந்த மாதிரி வேலையைக் கடை விடுமுறை நாளில் வைத்துக்கொள்வேன். அன்று லோடு வண்டி வராது, யாரும் பில் கேட்க மாட்டார்கள்.

மிரரின் நிலையைச் சொல்லும் 'எம்டிஸ்டாட்' இரண்டு யூ காட்டிய பிறகும், அதாவது இரண்டு டிஸ்க்கும் சேர்ந்துவிட்ட பிறகும், ஒரு வேலை பாக்கி. பயாஸ் (மெஷினை ஏற்றும் பழைய முறை) வழியில் ஏறும் மெஷின் என்றால் கிரப்பை இரண்டு டிஸ்க்கிலும் நிறுவுங்கள். புதிய முறையான யுஇஎஃப்ஐ என்றால், மெஷின் ஏறத் தேவையான ஃபைல்கள் உள்ள ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் பொதுவாக மிரருக்கு வெளியே இருக்கும், அதைக் கையால்தான் நகலெடுக்க வேண்டும். ஒவ்வொரு டிஸ்க்கும் தனியாக ஏறுகிறதா என்று சோதிக்க விரும்பினால், ஒன்றைக் கழற்றிப் பார்த்துவிட்டு, அதைத் திரும்பச் சேர்த்து, இரண்டு யூ வந்த பிறகே மற்றதைக் கழற்றுங்கள்.