‘இக்னரண்ட்’ என்று எழுதிவிட்டார், வேலையை விடட்டுமா?

கேள்வி: கொழும்பு கோட்டையில் ஒரு கப்பல் சரக்கு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். கஸ்டெக் எனும் சுங்கப் பிரகடனப் படிவம் ஒன்றைப் பழைய முறைப்படி நிரப்பிவிட்டேன். மெனேஜர் ‘ஷீ இஸ் இக்னரண்ட் ஒஃப் த நியூ புரொசீஜர்’ என்று எல்லோருக்கும் ஈமெயில் போட்டுவிட்டார். முட்டாள் என்று அர்த்தம் என்கிறார் ஒருவர், வேண்டுமென்றே அலட்சியம் செய்தேன் என்று அர்த்தமாம் இன்னொருவருக்கு. அவமானமாக இருக்கிறது. வேலையை விடட்டுமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: விடாதீர்கள் தங்கச்சி. இரண்டு பேரும் சொன்னது பிழை.

அந்த வசனத்தில் ‘ஒஃப்’ இருக்கிறது, அதுதான் முக்கியம். இன்ன விஷயத்தில் ‘இக்னரண்ட் ஒஃப்’ என்றால் அந்த ஒரு விஷயம் உங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை, அவ்வளவுதான். ‘ஒஃப்’ இல்லாமல் ‘ஷீ இஸ் இக்னரண்ட்’ என்று நிறுத்தியிருந்தால் அது உங்களையே சொல்வது, படிப்பறிவில்லாதவள், சில இடங்களில் பண்பு தெரியாதவள் என்றுகூட. நம் வீடுகளில் ‘அவளுக்கு அது தெரியாது’ என்பதற்கும் ‘அறிவில்லாதவள்’ என்பதற்கும் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம்.

அலட்சியம் என்று சொன்னவர் ‘இக்னோர்’ என்ற சொல்லோடு குழப்பிக்கொண்டார். மெசேஜைப் பார்த்தும் பதில் போடாதவனை ‘இக்னோர் பண்ணுறான்’ என்கிறோமே, அந்த இக்னோர். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான், லத்தீனில் ‘அறியாதிருத்தல்’. பிரெஞ்சுக்காரர் அந்த வினையை இன்றைக்கும் ‘தெரியாது’ என்ற பொருளில் பேசுகிறார்கள். ஆங்கிலத்திலோ ‘இக்னோர்’ தெரிந்தும் கண்டுகொள்ளாமல் விடுவதாகிவிட்டது, ‘இக்னரண்ட்’ தெரியாமையிலேயே நின்றுவிட்டது. ஆகவே மெனேஜர் உங்கள்மேல் அலட்சியக் குற்றம் சாட்டவில்லை, உண்மையில் அதற்கு நேர் எதிராகத்தான் எழுதியிருக்கிறார்.

ஆனாலும் உங்களுக்கு வலித்ததில் நியாயம் இருக்கிறது. இந்தச் சொற்குடும்பத்துக்கு வசை வாசம் ஒட்டிப் பல காலமாகிறது. ‘இக்னொராமஸ்’ என்பது ஒரு காலத்தில் ஆதாரம் போதாத குற்றப்பத்திரிகையின்மேல் இங்கிலாந்து ஜூரிகள் எழுதிய வெறும் சட்டச் சொல். 1615இல் கேம்பிரிட்ஜில் மன்னர் முதலாம் ஜேம்ஸ் முன்னிலையில் அதே பெயரில் ஒரு வழக்கறிஞரைக் கேலி செய்து நாடகம் போட்டார்கள், அதற்குப் பிறகு அது மடையனைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. இலக்கணப்படி சரியாக இருந்தாலும் கூட வேலை செய்பவரைப் பற்றி எழுதும்போது ‘நொட் அவெயர் ஒஃப்’ என்பதுதான் மரியாதை, மெனேஜருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். அதைவிடப் பெரிய பிழை, ஒருவரிடம் சொல்ல வேண்டியதை முழு ஒஃபிசுக்கும் அனுப்பியது.

சரி, இப்போது செய்ய வேண்டியது. அவருக்கு மட்டும், ‘ஐ வாஸ் நொட் அவெயர் ஒஃப் த சேஞ்ச், ப்ளீஸ் செண்ட் மீ த சேர்குலர்’ என்று எழுதுங்கள். மன்னிப்பை இழுத்து இழுத்து எழுத வேண்டாம். அப்புறம் நேரில் போய், இனி இப்படியானதைத் தனியாகச் சொல்லுங்கள் சேர் என்று கேளுங்கள். சுற்றறிக்கை வரும் ஈமெயில் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்றும் அன்றைக்கே பாருங்கள், இல்லையென்றால் படிவம் பிழைத்ததற்குக் காரணம் நீங்கள் இல்லை.