"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க அக்கா"

கேள்வி: தென்காசிப் பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் லேப் அசிஸ்டென்டாக இருக்கிறேன். இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி ஒரு மாதமாக யாரோடும் சேருவதில்லை. பிராக்டிகலில் பியூரெட்டைப் பிடித்தபடி அழுகிறாள். கேட்டால், "நான் இருந்து என்னக்கா ஆகப்போகுது? யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்கிறாள். நான் ஆசிரியர்கூட இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: கடிதம் வந்த அன்றே உங்களோடு போனில் பேசிவிட்டேன். மற்ற கல்லூரி ஊழியர்களுக்கும் உதவட்டும் என்று ஊரை மட்டும் மாற்றி இங்கே எழுதுகிறேன்.

"ஆசிரியர்கூட இல்லை" என்று நினைக்காதீர்கள். நான் இருபது வருஷம் விடுதிக் காப்பாளராக இருந்தவள். பிள்ளைகளிடம் மாற்றம் என்றால் எனக்கு முன்னால் மெஸ் அண்ணனுக்குத்தான் தெரியும். இன்டர்னல் மார்க் போடாத ஆளிடம் மனசைத் திறப்பது சுலபம்.

அவள் சொன்னதைச் சுற்றிவளைக்காமல் கேளுங்கள்: "செத்துப்போயிடலாம்னு தோணுதாம்மா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள். "சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்க வேண்டாம். "யார்கிட்ட சொல்லலாம்னு ரெண்டு பேரும் சேர்ந்தே யோசிப்போம்" என்று சொல்லுங்கள். கவுன்சலரிடம் அனுப்பிவைக்காமல் கூடவே நடந்து போங்கள். 100 மாணவர்களோ அதற்கு மேலோ படிக்கும் இடத்தில் கவுன்சலர் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் சொல்லியிருக்கிறது. உங்கள் கல்லூரியில் இல்லையென்றால் முதல்வரிடம் இதையே சொல்லிக் கேளுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மானஸ், எண் 14416. இலவசம், இரவிலும் தமிழில் பேசுவார்கள். நீங்களே போட்டு, அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசச் சொல்லலாம்.

வீட்டுக்குச் சொல்வதில்தான் நான் தவறு செய்தேன். அட்டெண்டன்ஸ் குறைந்த ஒரு பெண்ணிடம் "அப்பாவைக் கூட்டிட்டு வா" என்றேன். அவள் பயந்ததே அந்த அப்பாவுக்குத்தான். மறுநாள் பெட்டியோடு கிளம்பியவள் திரும்பி வரவில்லை. எங்கே இருக்கிறாளோ, இன்றும் நினைத்துக்கொள்வேன். அதனால் வீட்டில் யாரை நம்புகிறாள் என்று அவளிடமே முதலில் கேளுங்கள். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் அதற்குக்கூடக் காத்திருக்க வேண்டாம்.

சித்தியிடம் மட்டும் பேசுவாள் என்று போனில் சொன்னீர்களே, அவரிடமிருந்து தொடங்குங்கள். அப்புறம், ரெக்கார்டு முடிக்க இரண்டு வாரம் கூடுதலாக ஹெச்ஓடியிடம் கேட்டு வாங்கிக் கொடுங்கள்.