704-இல் நிறுத்தியது நியாயமா? – வாசகர் கேள்வி பதில்

2024 ஜூலை 12, வெள்ளிக்கிழமை, நம் நேரப்படி சாயங்காலம், இங்கிலாந்து வேகப்பந்து வீச்சாளர் ஜேம்ஸ் ஆண்டர்சன் லார்ட்ஸ் மைதானத்தில் கடைசித் தடவையாகப் பந்து போட்டு முடித்தார். அன்று ராத்திரியே எனக்குப் போன் வர ஆரம்பித்துவிட்டது. இந்த வாரம் வந்த கடிதங்களிலும் பாதிக்கு மேல் அவரைப் பற்றித்தான். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இந்தப் பக்கத்தை முழுக்க அவருக்கே கொடுக்கிறேன். நாகர்கோவிலில் ஆயுசு முழுக்கப் பள்ளிக்கூடப் பையன்களுக்குப் பந்து போடச் சொல்லிக்கொடுத்த உடற்பயிற்சி ஆசிரியன் நான். இதைவிட முக்கியமான விஷயம் இந்த வாரம் எனக்கு வேறு இல்லை.

அண்ணாச்சி, இன்னும் நாலு விக்கெட் எடுத்திருந்தால் ஷேன் வார்னின் 708-ஐத் தொட்டிருப்பார். அடுத்த டெஸ்ட் ஒரே வாரத்தில் நாட்டிங்ஹாமில். ஒரு மேட்ச் கூடக் கொடுத்தால் இங்கிலாந்துக்காரனுக்கு என்ன குறைந்துபோகும்? ஆத்திரமாக வருகிறது.
– கல்லூரி மாணவர், மார்த்தாண்டம்

உங்கள் ஆத்திரம் எனக்குப் புரிகிறது தம்பி. 188 டெஸ்ட், 704 விக்கெட். அவருக்கு மேலே முரளிதரனும் வார்னும்தான், இரண்டு பேருமே சுழற்பந்து வீச்சாளர்கள். வேகப்பந்து போட்டு 700-ஐத் தொட்ட ஒரே மனிதர் இவர். அப்படிப்பட்டவரைப் பயிற்சியாளர் மெக்கல்லம், கேப்டன் ஸ்டோக்ஸ், நிர்வாகி ராப் கீ மூன்று பேரும் மான்செஸ்டரில் உட்காரவைத்து, அடுத்த ஆஸ்திரேலியப் பயணத்துக்கு இளம் ஆட்களைத் தயார் செய்ய வேண்டும் என்று சொல்லி அனுப்பிவைத்தார்கள். அந்த முடிவை அவர் வாயிலிருந்தே வர விட்டிருக்கலாம் என்பதில் எனக்கும் வருத்தம் உண்டு.

ஆனால் அந்த நாலு விக்கெட்டுக்காக இழுத்திருக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். காரணம் கபில்தேவ். 1994 பிப்ரவரியில் அகமதாபாத்தில் ரிச்சர்ட் ஹாட்லியின் 431 விக்கெட் சாதனையைக் கபில் தாண்டியபோது 432 பலூன் பறக்கவிட்டார்கள். கபில் என்றால் எனக்கு உயிர். ஆனாலும் அந்தக் கடைசிக் காலத்தை நினைத்தால் சங்கடம்தான். வேகம் போய்விட்டது, விக்கெட் ஒன்றிரண்டாக வந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் மைசூர்க்காரர் ஸ்ரீநாத் எங்கே இருந்தார் தெரியுமா? 1991-இல் ஆஸ்திரேலியாவில் டெஸ்ட் ஆட ஆரம்பித்த பையன், நம் நாட்டு மண்ணில் முதல் டெஸ்ட் ஆடியது 1994 நவம்பரில், கபில் விலகிய பிறகு. ஒரு வேகப்பந்து வீச்சாளருக்கு இருபது வயதுகளில் மூன்று வருடம் என்பது சின்ன விஷயமா?

லார்ட்ஸில் என்ன நடந்தது என்று பாருங்கள். அதே டெஸ்டில் முதன்முதலாக இறங்கிய கஸ் அட்கின்சன் 12 விக்கெட் எடுத்தார். மூத்தவர் இன்னும் நன்றாகப் போட்டுக்கொண்டிருக்கும்போதே, அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இளையவர் தொடங்கினார். ஆண்டர்சனும் சும்மா வந்து கையசைத்துவிட்டுப் போகவில்லை. இரண்டாவது இன்னிங்ஸில் 32 ரன்னுக்கு 3 விக்கெட். அதில் ஒன்று, வெஸ்ட் இண்டீஸின் பிராத்வெயிட் போல்டு. 2017-இல் இதே லார்ட்ஸில் அவருடைய 500-ஆவது விக்கெட்டும் இதே பிராத்வெயிட், அதுவும் போல்டு. ஏழு வருடம் கழித்தும் அந்த மட்டையைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோக முடிந்திருக்கிறது என்றால், அது விடைபெறத் தகுந்த நாள்தான். 704 என்றே இருக்கட்டும் தம்பி.

வானம் மூடியிருந்தால்தான் இவருக்குப் பந்து வளையும், வெயில் அடித்தால் ஒன்றும் இல்லை என்று எங்கள் ஆட்டோ ஸ்டாண்டில் ஒரே தர்க்கம். நீங்கள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.
– ஆட்டோ ஓட்டுநர், கோட்டார்

இங்கிலாந்தில் அவர் எடுத்த விக்கெட் 400-க்கு மேல். சொந்த ஊரில் பலம் அதிகம் என்பது உண்மை, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ‘வெயில் அடித்தால் ஒன்றும் இல்லை’ என்பவரிடம் சேப்பாக்கத்தை ஞாபகப்படுத்துங்கள்.

2021 பிப்ரவரி 9, ஐந்தாம் நாள் காலை. மேகமே இல்லை. நமக்கு இலக்கு 420. சுப்மன் கில் அரை சதம் அடித்து அழகாக ஆடிக்கொண்டிருந்தார். பழைய பந்தை ஆண்டர்சன் கையில் கொடுத்தார்கள். வெளியே போகிற மாதிரி வந்த பந்து கடைசி நேரத்தில் உள்ளே திரும்பி, கில்லின் மட்டைக்கும் காலுக்கும் நடுவே புகுந்து ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு போனது. அடுத்து ரஹானே வந்தார். எல்பிடபிள்யூ முறையீட்டில் நூலிழையில் தப்பினார். அப்புறம் அதே ஓவரில் அவருடைய ஸ்டம்பும் பறந்தது. 11 ஓவர், 17 ரன், 3 விக்கெட். அப்போது அவருக்கு வயது 38. அதற்கு முந்தைய மாதம்தான் இலங்கையின் காலே நகரில், சுழற்பந்துக்கென்றே பேர்போன மைதானத்தில், 40 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்துவிட்டு வந்திருந்தார். 2010-11-இல் ஆஸ்திரேலியாவில் இங்கிலாந்து ஆஷஸ் ஜெயித்தபோது 24 விக்கெட், அந்தத் தொடரில் அதிகம் எடுத்தவர் அவர்தான். சச்சினை டெஸ்டில் ஒன்பது தடவை அவுட்டாக்கியிருக்கிறார், வேறு எந்தப் பந்துவீச்சாளரும் அத்தனை தடவை எடுத்ததில்லை.

தீர்ப்பு கேட்டீர்கள். ‘வெயில் அடித்தால் ஒன்றும் இல்லை’ என்றவர் ஸ்டாண்டில் எல்லாருக்கும் டீ வாங்கிக்கொடுக்கட்டும்.

2014-இல் நம்ம ஜடேஜாவைத் தள்ளினாரே, அதை மறந்துவிட்டுக் கொண்டாடணுமா?
– வாசகர், தக்கலை

விசாரணை நடந்தது. இரண்டு பேர் மீதும் குற்றம் இல்லை என்று முடித்துவிட்டார்கள். நானும் அதோடு விட்டுவிட்டேன். களத்தில் அவர் வாய் சும்மா இருந்ததில்லை, அது எனக்குப் பிடித்ததும் இல்லை. பந்து பிடித்திருந்தது.

மீன்பிடித் தடைக்காலம், தொழில் இல்லை. ஜூலை கடைசி வரை தினமும் சாயங்காலம் கடற்கரையில்தான் கிரிக்கெட். டென்னிஸ் பந்தில் ஆண்டர்சன் மாதிரி ஸ்விங் போட முடியுமா சார்? காற்று வேற பேய் மாதிரி அடிக்குது.
– விசைப்படகுத் தொழிலாளி, குளச்சல்

இந்த வாரத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தோல் பந்தில் தையல் ஒரு பக்கமாகச் சாய்ந்து போகும்போது, அந்தப் பக்கத்துக் காற்று கலைந்து, பந்தை ஒட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் கூடுதலாகப் போகும். பளபளப்பான பக்கத்தில் காற்று வழுக்கி முன்னாலேயே பிரிந்துவிடும். இந்த வித்தியாசத்தில்தான் பந்து தையல் காட்டுகிற பக்கமாக வளைகிறது. இங்கிலாந்தில் ஆடும் டியூக்ஸ் பந்தில் தையல் நன்றாகப் புடைத்திருக்கும், ரொம்ப நேரம் தாக்குப்பிடிக்கும். ஆண்டர்சனின் பிடிப்பைப் படத்தில் பாருங்கள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தையலின் மேல் ஒட்டினாற்போல் இருக்கும், கட்டைவிரல் அடியில். விடும்போது மணிக்கட்டு நேராகப் பின்னால் நின்று, விரல் கடைசியாகப் பந்தைப் பின்பக்கம் வருடிவிடும். அதனால் தையல் ஆடாமல் நிமிர்ந்தபடியே போகும். இதைத்தான் அவர் இருபது வருடத்துக்கும் மேலாகச் செய்தார், டெஸ்டில் மட்டும் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட பந்துகளில்.

டென்னிஸ் பந்தில் தையல் கிடையாது. அதற்கு ஒரு வழி உண்டு. எலக்ட்ரிக் டேப்பை ஒரு பாதியில் மட்டும் சுருக்கம் இல்லாமல் இழுத்து ஒட்டுங்கள். மறுபாதி ரோமத்தோடு இருக்கட்டும். ரோமம் இருக்கிற பக்கமாகப் பந்து வளையும். டேப் ஓரம் இரண்டு விரலுக்கு நடுவே நேராக நிற்கணும், அதுதான் உங்கள் தையல். முழு வேகத்தில் எறியாமல் முக்கால் வேகத்தில் போட்டுப் பாருங்கள், வளைவு கூடும்.

இனி காற்று. ஆடி மாதம் நம் மாவட்டத்தில் காற்றுக்குப் பஞ்சம் இல்லை. ஆரல்வாய்மொழி கணவாய்ப் பக்கம் போனால் ஆளையே தள்ளும். காற்று முதுகுப் பக்கம் இருந்தால் வேகம் கிடைக்கும் என்று பையன்கள் எல்லாரும் அந்த முனையைத்தான் கேட்பார்கள். ஸ்விங் போட நினைப்பவர் எதிர்க்காற்றில், அதிலும் கொஞ்சம் குறுக்காக அடிக்கிற காற்றில் போடப் பழகணும். மேற்கிலிருந்து வருகிற காற்று கிழக்கே வளைகிற பந்துக்குத் துணை. இன்றைக்கு எந்தப் பக்கம் என்று உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? கடலில் போகிறவர்களுக்குத் தெரியாத காற்றா!

ஆண்டர்சனுக்கு இவ்வளவு பக்கம் ஒதுக்குகிறீர்கள். நம் பெண்கள் அணியின் வேகப்பந்து வீச்சாளர் ஜூலன் கோஸ்வாமி ஓய்வு பெற்றபோது இந்தப் பத்திரிகையில் ஒரு பத்திகூட வரவில்லை. ஏன் சார்?
– கல்லூரி மாணவி, திருவட்டார்

நியாயமான கேள்வி. இப்போதே எழுதுகிறேன் மகளே.

மேற்கு வங்கத்தில் சக்தஹா என்கிற சின்ன ஊர். 1997 மகளிர் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஈடன் கார்டனில் எல்லைக்கோட்டுக்கு வெளியே பந்து பொறுக்கிப் போட்ட சிறுமி அவர். நாமும் இப்படி ஆடணும் என்று அன்றைக்கு முடிவு செய்தார். விடிகாலை ரயில் ஏறிக் கொல்கத்தா போய்ப் பயிற்சி, திரும்பி வந்து பள்ளிக்கூடம். குழித்துறையிலிருந்தும் இரணியலிலிருந்தும் தினமும் ரயில் பிடித்துப் படிக்கப் போகிற பிள்ளைகளுக்கு அந்த அலுப்பு என்னவென்று தெரியும். 2002-இல் இந்திய அணி. அப்புறம் இருபது வருடம். ஒருநாள் ஆட்டங்களில் மட்டும் 255 விக்கெட், பெண்கள் கிரிக்கெட்டில் அதுதான் உச்சம்.

அவருடைய கடைசி ஆட்டமும் லார்ட்ஸில்தான், 2022 செப்டம்பர் 24. டாஸ் போட கேப்டன் ஹர்மன்பிரீத் அவரையும் கையோடு அழைத்துப் போனார். பெரிய ஸ்கோர் இல்லாமலே நம் பெண்கள் 16 ரன்னில் ஜெயித்து, தொடரை 3-0 என்று முடித்தார்கள். ஆண்டர்சனுக்குக் கிடைத்த டெஸ்ட் 188, ஜூலனுக்கு அந்த இருபது வருடத்தில் கொடுக்கப்பட்டது 12. அந்தப் பன்னிரண்டிலும் 44 விக்கெட் எடுத்திருக்கிறார். இன்னும் அம்பது டெஸ்ட் கொடுத்திருந்தால் எங்கே போயிருப்பார் என்று நினைத்தால் மனசு பொறுக்கவில்லை. பெண்களுக்கு டெஸ்ட் ஆட்டங்கள் கூடுதலாக வேண்டும் என்று இந்தப் பக்கத்தில் தொடர்ந்து எழுதுவேன், நீங்களும் எழுதுங்கள்.

என் மகனுக்கு 14 வயது. ஆண்டர்சன் வீடியோவைப் பார்த்துப் பார்த்து மொட்டை மாடியில் தினமும் ராத்திரி வரை பந்து போடுகிறான். இப்போது இடுப்புக்கு மேலே வலி என்கிறான். தைலம் தேய்த்தால் போதுமா?
– இல்லத்தரசி, பார்வதிபுரம்

போதாது அம்மா. முதலில் பந்து போடுவதை நிறுத்தச் சொல்லுங்கள். அப்புறம் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். வளர்கிற வயதில் முதுகெலும்பின் கீழ்ப்பகுதி முழுசாக இறுகியிருக்காது. ஒவ்வொரு பந்துக்கும் முன்கால் சிமென்ட் தரையில் ஓங்கி இறங்கும்போது அந்த அதிர்ச்சி அங்கேதான் போய்ச் சேர்கிறது. இடுப்பு ஒரு பக்கம், தோள் ஒரு பக்கம் திரும்புகிற மாதிரி போட்டால் எலும்பில் மயிரிழை விரிசல் விழும். சாதாரண வலி என்று தேய்த்துத் தேய்த்து அதை முற்றவிட்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் மகனிடம் இதைச் சொல்லுங்கள்: ஆண்டர்சனுக்கும் 2006-இல் முதுகெலும்பில் இதே விரிசல் வந்தது. பந்து விடும்போது அவர் தலை தரையைப் பார்க்கும். அதைத் திருத்துகிறோம் என்று பயிற்சியாளர்கள் அவர் முறையையே மாற்றிப் பார்த்தார்கள், சரிவரவில்லை. குணமான பிறகு தன் பழைய முறைக்கே திரும்பினார். ஓய்வு எடுத்ததால் அவர் கெட்டுப்போகவில்லை. 35 வயதுக்கு மேல் மட்டும் 200-க்கும் அதிகமான விக்கெட் எடுத்தார். வலி தீர்ந்த பிறகு வாரத்தில் சில நாள், மண் தரையில், எண்ணிக்கை வைத்துப் போடட்டும். மற்ற நாளில் ஓட்டமும் நீச்சலும்.

நம்ம ஊரிலிருந்து ஒரு வேகப்பந்து வீச்சாளர் எப்போது வருவார்? கடலோரத்துப் பிள்ளைகள் எல்லாம் ஃபுட்பால்தானே ஆடுகிறார்கள்?
– ஓய்வுபெற்ற தபால்காரர், தோவாளை

ஃபுட்பால் ஆடட்டும் ஐயா, கால் உறுதியாகும். ஆண்டர்சனின் ஊர் பர்ன்லி, பஞ்சாலைகள் நிறைந்திருந்த ஊர், அங்கேயும் ஃபுட்பால்தான் உயிர். அந்த ஊர் கிளப்பில் பந்து போட்டு வந்தவர்தான் இவர். நம் நடராஜன் சேலம் பக்கத்துச் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் யார்க்கர் போட்டுப் பழகி, 2021-இல் பிரிஸ்பேனில் டெஸ்ட் ஆடினார். கையில் வேகம் உள்ள பிள்ளைகள் முட்டத்திலும் இரயுமன்துறையிலும் நிறையவே இருக்கிறார்கள். பதினைந்து வயதுக்குள் அவர்கள் கையில் தோல் பந்து கிடைப்பதில்லை, அதுதான் குறை.

திருநெல்வேலி சங்கர் நகரில் டி.என்.பி.எல். (தமிழ்நாடு பிரீமியர் லீக்) ஆட்டம் நடக்கும்போது உங்கள் ஊர்ப் பையன்களைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போங்கள். பந்துவீச்சாளரின் முதுகுக்கு நேர் பின்னால் இடம் பிடியுங்கள், பந்து எந்தப் பக்கம் வளைகிறது என்று அங்கிருந்துதான் தெரியும். பழைய தோல் பந்து வேண்டுமென்றால் பத்திரிகை முகவரிக்கு எனக்கு ஒரு கார்டு போடுங்கள். என்னிடம் இருக்கிறவற்றைத் தோவாளைக்கே கொண்டுவந்து தருகிறேன்.