நூறு பேருக்கு நடந்தபடி உண்ணும் டாக்கோ: நனையாமலும் ஆறாமலும் பரிமாறுவது எப்படி?

கேள்வி: திறந்தவெளியில் மாலையில் நடக்கும் ஒரு கூடுகைக்கு ஏறத்தாழ 100 பேர் வருகிறார்கள்; அவர்களில் ஐந்தில் ஒருவர் சைவம். தட்டு, நாற்காலி எதுவும் இல்லாமல், சிறிய சிப்ஸ் பாக்கெட்டுக்குள்ளேயே கறியையும் காய்களையும் போட்டுக் கொடுக்கும், மெக்சிகோ உணவான டாக்கோவைத் தரலாம் என்று நினைக்கிறேன். என்னென்ன எவ்வளவு வாங்க வேண்டும்? முந்தைய நாளே எதுவரை செய்து வைக்கலாம்? பாக்கெட்டுகளை முன்கூட்டியே நிரப்பி அடுக்கிவிட்டால் கடைசி நேர வேலை குறையுமா?

பதில்: உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் மற்ற எல்லா ஏற்பாடுகளும் அதற்கான விடையைப் பொறுத்தவை. பாக்கெட்டுகளை முன்கூட்டியே நிரப்பக் கூடாது. சூடான, ஈரமான கறி பட்ட சிப்ஸ் கால் மணி நேரத்துக்குள் மொறுமொறுப்பை இழந்து கூழாகத் தொடங்கிவிடும். அதே நேரத்தில் கறியும் ஆறிப்போகும், மேலே தூவிய லெட்டூஸ் கீரையும் துவண்டுவிடும். அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களில் விளையாட்டுத் திடல்களிலும் ஊர்த் திருவிழாக்களிலும் ‘வாக்கிங் டாக்கோ’ என்று விற்கப்படும் இந்த உணவு, வாங்குபவரின் கண்ணெதிரே பாக்கெட்டைக் கத்தரித்து நிரப்பித் தரப்படுவதற்குக் காரணம் இதுதான். எனவே உலர்ந்தது உலர்ந்தபடி, சூடானது சூடாக, குளிர்ந்தது குளிர்ச்சியாக, கடைசி அரை நிமிடம் வரை தனித்தனியே இருக்கும்படி திட்டமிடுங்கள்.

முன்கூட்டியே கட்டி வைத்தே ஆக வேண்டும் என்ற நிலை இருந்தால், சிப்ஸை விட்டுவிட்டு வேறு வகை டாக்கோவுக்கு மாறிவிடுவது நல்லது. மெக்சிகோவில் ‘டாக்கோஸ் தெ கனாஸ்தா’ என்றொரு கூடை டாக்கோ உண்டு. டோர்ட்டியா எனும் மென்மையான மக்காச்சோள ரொட்டிக்குள் மசித்த உருளைக்கிழங்கு, பீன்ஸ் விழுது போன்ற நீர் சுண்டிய பூரணத்தை வைத்து மடித்து, துணியும் பிளாஸ்டிக்கும் விரித்த கூடையில் நெருக்கமாக அடுக்கி, மேலே சூடான எண்ணெயை ஊற்றி இறுக மூடிவிடுவார்கள். தன் ஆவியிலேயே அது வியர்த்துப் பதமாகும் என்பதால் அதற்கு ‘வியர்த்த டாக்கோ’ என்றும் பெயர் உண்டு. தலாஸ்கலா மாநிலத்தின் சான் விசென்தே சிலோசோச்சித்லா என்னும் ஊர் இதற்குப் பெயர் பெற்றது. அங்கே செய்யப்படுபவை மிதிவண்டியில் கூடை கூடையாக விற்பனைக்குப் போகின்றன. அந்த டாக்கோவின் இயல்பே நனைந்து மென்மையாவதுதான். உங்களுடையது மொறுமொறுப்பை நம்பியிருப்பது. இரண்டின் முறைகளையும் கலக்கக் கூடாது.

இனி அளவுகள். 100 பேருக்கு 100 பாக்கெட் போதாது. இரண்டாவது கேட்பவர்களும், கை தவறிக் கொட்டுபவர்களும் இருப்பார்கள் என்பதால் 125 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் 28 முதல் 40 கிராம் எடையுள்ளதாக இருக்கட்டும். அதற்கு 60 மில்லி கொள்ளும் ஒரு கரண்டி பூரணம், அதாவது ஏறத்தாழ 65 கிராம், சரியாகப் பொருந்தும். 125 பாக்கெட்டில் 95 அசைவம், 30 சைவம் என்று பிரித்தால், சமைத்த கறிக்கலவை ஆறேகால் கிலோ தேவைப்படும். கொத்துக்கறி வேகும்போது நீரும் கொழுப்பும் பிரிந்து எடையில் ஏறத்தாழ கால் பங்கு குறைந்துவிடும்; ஆகவே 7 கிலோ பச்சைக் கறி வாங்கினால் ஐந்தேகால் கிலோ நிற்கும், வெங்காயமும் தக்காளி விழுதும் மீதி ஒரு கிலோவை ஈடுகட்டும். சைவத்துக்கு 1 கிலோ உலர்ந்த பீன்ஸ் (ராஜ்மா போன்ற பயறு) ஊறி வெந்தால் இரண்டேகால் கிலோவுக்கு மேல் வரும். கறி உண்பவர்களிலும் சிலர் அதில் ஒரு கரண்டி கேட்பார்கள் என்பதால் இதைக் குறைக்க வேண்டாம்.

மேலே போடுபவற்றில் துருவிய சீஸ் இரண்டேகால் கிலோ, நறுக்கிய லெட்டூஸ் 2 கிலோ, தக்காளி 3 கிலோ, வெங்காயம் 1 கிலோ, சல்சா எனும் காரமான தக்காளிச் சட்னி மூன்றரை லிட்டர், சவர் க்ரீம் எனும் புளித்த பாலேடு 2 கிலோ என்று கணக்கிடலாம். இவற்றில் எது குறைந்தாலும் விருந்து கெட்டுவிடாது. சிப்ஸும் பூரணமும் குறைந்தால் கெட்டுவிடும், ஆகவே அவற்றில் மட்டும் கைதாராளமாக இருங்கள்.

சிப்ஸைத் தேர்ந்தெடுக்கும்போது பலரும் சுவையை மட்டுமே பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது தடிமனை. அரைத்த மக்காச்சோள மாவைப் பிழிந்து நேரடியாகப் பொரித்த தடித்த சிப்ஸ், மெல்லிய டோர்ட்டியா சிப்ஸைவிடக் கூடுதல் நேரம் ஈரத்தைத் தாங்கும். சீஸ் சுவையூட்டிய வகைகளில் பால் பொருள் இருக்கும். பால் ஒவ்வாதவர்களும் விலங்குப் பொருள் எதையும் உண்ணாதவர்களும் வரக்கூடும் என்றால், வெறும் உப்பு போட்ட வகையையே எல்லோருக்கும் வாங்கிவிடுவது குழப்பத்தைத் தவிர்க்கும். ஆயத்த மசாலாப் பாக்கெட் வாங்குவதானாலும் அதில் கோதுமை மாவு சேர்ந்திருக்கிறதா என்று அட்டையைப் படித்துவிடுங்கள்.

மசாலாவை வீட்டிலேயே கலப்பது கடினமன்று. மிளகாய்த்தூள், வறுத்துப் பொடித்த சீரகம், பாப்ரிகா, பூண்டுத்தூள், வெங்காயத்தூள், உலர்ந்த ஓரிகானோ ஆகியவற்றைக் கலந்து, ஒரு கிலோ பச்சைக் கறிக்கு 50 கிராம் வீதம் 350 கிராம் வைத்துக்கொள்ளுங்கள். மிளகாயின் காரத்தைப் பொறுத்து அதன் பங்கை மட்டும் கூட்டியோ குறைத்தோ கொள்ளலாம். சீரகத்தைக் குறைத்தால் டாக்கோவுக்குரிய மணம் போய்விடும். உப்பில் மட்டும் எச்சரிக்கை தேவை: சிப்ஸிலும் சீஸிலும் ஏற்கெனவே உப்பு உள்ளதால், கறியைத் தனியே சுவைக்கும்போது சற்றுக் குறைவாகத் தோன்றும் அளவே சரியான அளவு. அடுப்பருகே ஒரு சிப்ஸில் எடுத்து வைத்துச் சுவைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

சமையலில் நடக்கும் முக்கியத் தவறு, 7 கிலோ கறியையும் ஒரே அண்டாவில் கொட்டிவிடுவது. அப்படிச் செய்தால் கறி வறுபடாது; தன் நீரிலேயே வெந்து சாம்பல் நிறமாகிவிடும். அகன்ற வாணலியில் ஒரு தடவைக்கு ஒன்றரை கிலோவாகப் பிரித்து, முதல் சில நிமிடங்கள் கிளறாமல் அடியில் பழுப்பேற விட்டு, பிறகு உதிர்த்து, பிரிந்த கொழுப்பை வடித்துவிடுங்கள். எல்லாத் தவணைகளையும் ஒன்றுசேர்த்தபின் வதக்கிய வெங்காயம், தக்காளி விழுது, மசாலா, சிறிது நீர் சேர்த்துச் சுண்ட விட வேண்டும். கொத்துக்கறியின் உட்புறம் 71 டிகிரி செல்சியஸையும், கோழியானால் 74 டிகிரியையும் எட்ட வேண்டும். இத்தனை பேருக்குச் சமைக்கும்போது ஒரு சமையலறை வெப்பமானியை வாங்கிவிடுவது வீண் செலவாகாது.

பதத்தை அறிய ஒரு சோதனை உண்டு. மரக்கரண்டியால் வாணலியின் அடிவரை ஒரு கோடு இழுங்கள். கோடு உடனே மூடிக்கொண்டு அதில் சாறு ஓடினால் கறி இன்னும் நீர்த்திருக்கிறது. அந்தச் சாறு பாக்கெட்டின் அடியில் தேங்கிச் சிப்ஸை ஊறவைக்கும். கோடு இரண்டு மூன்று விநாடி நின்று, ஓரங்கள் மெல்லச் சரிந்தால் அதுவே சரியான பதம். கோடு அப்படியே கிடந்தால் மிகவும் வறண்டுவிட்டது என்று பொருள். உதிரியாகிக் கரண்டியிலிருந்து சிந்தும், தொண்டையிலும் அடைக்கும், எனவே சிறிது நீர் தெளித்துக்கொள்ளலாம்.

சைவப் பூரணத்துக்குச் சிவப்பு பீன்ஸ் எடுத்தால், அதை முதல் இரவே ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புதிய நீரில் நன்கு கொதிக்க வைத்தே வேகவைக்க வேண்டும். பச்சையான சிவப்பு பீன்ஸில் உள்ள லெக்டின் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கக் கூடியது. மெதுவாகச் சூடேறும் ஸ்லோ குக்கரில் அது அழியாமல் தங்கிவிடலாம். வெந்த பீன்ஸில் மூன்றில் ஒரு பங்கை மசித்துச் சேர்த்தால் கலவை தானாகவே கெட்டிப்படும். இதற்கென்று தனி வாணலியும் தனிக் கரண்டியும் ஒதுக்குங்கள். சைவ உணவு உண்பவர்கள் கேட்கும் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

முந்தைய நாளே கறியைச் சமைத்து வைப்பது தாராளமாக முடியும், ஆனால் ஆற்றும் முறை சரியாக இருக்க வேண்டும். நிறைந்த அண்டாவை அப்படியே குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்தால், நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே கிடந்து, ‘குளோஸ்டிரிடியம் பெர்ஃப்ரின்ஜென்ஸ்’ போன்ற பாக்டீரியாக்கள் பெருக இடமாகிவிடும். கறியைத் தாழ்வான தட்டுகளில் 5 சென்டிமீட்டருக்கு மிகாத உயரத்தில் பரப்பி, முதல் 2 மணி நேரத்துக்குள் 21 டிகிரிக்கும், அடுத்த 4 மணி நேரத்துக்குள் 5 டிகிரிக்கும் இறக்குங்கள். மறுநாள் அடுப்பிலேயே 74 டிகிரி வரை சூடாக்கி, அதன்பின் ஸ்லோ குக்கருக்கோ வெந்நீர்த் தட்டுக்கோ மாற்றி, 60 டிகிரிக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும். ஸ்லோ குக்கர் சூட்டைக் காப்பதற்கு உரியது. குளிர்ந்த கறியைச் சூடாக்க அதைப் பயன்படுத்தக் கூடாது. அடுப்பிலிருந்து இறக்கியபின் மூடி வைத்த பாத்திரத்தில் ஆவி நீராகிச் சொட்டும் என்பதால், பரிமாறுமுன் கோடு இழுக்கும் சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள்.

சீஸை முந்தைய நாளே துருவலாம், சல்சாவையும் கலந்து வைக்கலாம். ஓரிரவு ஊறினால் சல்சா நன்றாகவே இருக்கும், ஆனால் பரிமாறும்போது துளையிட்ட கரண்டியால் எடுங்கள். லெட்டூஸைக் கழுவி ஈரம் போக உலர்த்தியபின்தான் நறுக்க வேண்டும். தக்காளியை அன்று காலையில் நறுக்கி, விதையும் சாறும் வடியும்படி சல்லடையில் போட்டு வையுங்கள். நறுக்கிய தக்காளியும் லெட்டூஸும் வெளியே கிடந்தால் கெடக்கூடியவையே. சீஸையும் க்ரீமையும் போல அவற்றையும் ஐஸ் மேல் வைத்த பாத்திரங்களில் வைத்து, சிறுசிறு அளவாக மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

பரிமாறும் மேசையில் வரிசையின் வேகத்தைத் தீர்மானிப்பது கறிக் கரண்டிதான். ஒருவருக்கு 15 விநாடி என்று வைத்தாலும் 100 பேருக்கு 25 நிமிடம் ஆகும்; மேசையின் இருபுறமும் ஒவ்வொரு வரிசை அமைத்தால் அது பாதியாகும். முதலில் நிற்பவர் பாக்கெட்டைத் திறந்து தரட்டும், இரண்டாமவர் பூரணமும் உடனே அதன் மேல் சீஸும் போடட்டும். சூட்டில் சீஸ் உருகிப் பூரணத்தைப் பிணைக்கும். லெட்டூஸ், தக்காளி, வெங்காயம், சல்சா, க்ரீம் ஆகியவற்றை விருந்தினரே எடுத்துக்கொள்ளும்படி சற்றுத் தள்ளி வேறு மேசையில் வைத்துவிட்டால், யோசித்து நிற்பவர் வரிசையை அடைக்க மாட்டார்.

பாக்கெட்டைத் திறப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. முழுதாக ஊதியிருக்கும் பாக்கெட்டைக் கசக்கினால் அது வெடித்துச் சிப்ஸ் சிதறும். முதலில் மூலையில் சிறு வெட்டு போட்டுக் காற்றை விட்டு, பிறகு உள்ளங்கையால் இரண்டு முறை மெல்ல அழுத்துங்கள். ஒவ்வொரு சிப்ஸும் இரண்டு மூன்று துண்டானால் போதும்; பொடியானால் கூழாகும். அதன்பின் மேல்வாயைக் கத்தரிக்காமல், நீளவாக்கில் ஒரு பக்கவாட்டை முழுதாகக் கத்தரியுங்கள். அகன்ற படகுபோல் விரியும் அந்த வாய் வழியாக முள்கரண்டி அடிவரை எட்டும். மேல்வாயைத் திறந்தால் கைப்பிடி உள்ளே முங்கி விரலெல்லாம் சாறாகும். பல கைகள் மாறி வந்த உறை என்பதால் வெளிப்புறத்தைத் துடைத்துவிட்டு, கத்தரிக்கோலையும் சுத்தமானதாக இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நேரத்தில் 10 பாக்கெட்டுக்கு மேல் திறந்து வைக்க வேண்டாம். மாலைக் காற்றின் ஈரமே சிப்ஸைத் தளர்த்திவிடும். மெல்லிய உறை சூட்டைத் தடுக்காததால், தடித்த காகிதக் கைத்துண்டை அடியில் சுற்றிக் கொடுங்கள். குழந்தைகளுக்குக் கறியை ஒரு நிமிடம் ஆறவிட்டுப் போடலாம்.

விருந்து முடிந்ததும், வெளியே 2 மணி நேரத்துக்கு மேல், அல்லது வெப்பம் 32 டிகிரியைத் தாண்டிய நாளில் 1 மணி நேரத்துக்கு மேல், குளிர்ச்சியின்றி இருந்த எதையும் எடுத்து வைக்க வேண்டாம். 60 டிகிரிக்கு மேலேயே இருந்த கறியை முன்சொன்னபடி தட்டில் பரப்பி ஆற்றிச் சேமிக்கலாம். சாறு ஒட்டிய 125 உறைகள் குப்பைக்கு வரும். மூடியுள்ள பெரிய தொட்டிகளைப் பரிமாறும் மேசைக்கு அருகில் வைக்காமல், மக்கள் உண்டு முடிக்கும் தொலைவில் ஆங்காங்கே வையுங்கள்.