கேம் மொட்டுக்குள்ள உங்கட பங்கு எது? – வாசகர் கடிதமும் பதிலும்

வணக்கம் அண்ணை,

நாங்கள் பரந்தன், கிளிநொச்சிப் பக்கத்தில அஞ்சு பேர். ஸ்கூல் காலத்தில இருந்தே விண்வெளிக் கதை எண்டா எங்களுக்கு உயிர். ஃப்ரீஸ்பேஸ் 2 எண்ட விண்வெளிச் சண்டைக் கேமின்ர எஞ்சினில (கேமை ஓட்டுற கோட்) பபிலோன் 5 டிவித் தொடர்க் கப்பல்களை வைச்சு ஒரு மொட், அதாவது இருக்கிற கேமை மாத்திச் செய்யிற கேம், செய்திருக்கிறம், ஆறு மிஷன், குரல் எல்லாம் தமிழ். இப்ப கனடாவில இருக்கிற அண்ணா ஒராள் விளையாடிப் பாத்திட்டு நான் காசு போடுறன், இதை விப்பம் எண்டு நிக்கிறார். எங்கட குழுவில ஒருத்தன் எஞ்சின் ஓப்பின் சோர்ஸ் தானே, தாராளமா விக்கலாம் எண்டுறான், இன்னொருத்தன் கேஸ் போடுவாங்கள் எண்டு பயப்பிடுறான். இதுக்குள்ள மொடல் செய்து தந்த பெடியன் கோவிச்சுக்கொண்டு கொழும்புக்கு வேலைக்குப் போட்டான், தன்ர கப்பல் எல்லாத்தையும் எடுக்கச் சொல்றான். ஃபோல்டரை இதோட அனுப்பியிருக்கிறன். யுனிட்டி, கொடோ மாதிரி வேற எஞ்சினுக்கு மாறினா இந்தப் பிரச்சினை தீருமோ?

– ஒரு வாசகர், பரந்தன்

அன்புள்ள தம்பி,

ஆறு மிஷனையும் விளையாடிப் பாத்திட்டுத்தான் இதை எழுதுறன். சுத்தி வளைக்காமல் முதலே சொல்லிடுறன், இப்ப இருக்கிற மாதிரி இதை விக்க ஏலாது, ஒரு ரூபாய்க்கும் ஏலாது. ஆனா இதுக்குள்ள நீங்கள் விக்கக்கூடிய ஒரு கேம் இருக்கு. அது எது, அதை எப்பிடிப் பிரிச்செடுக்கிறது எண்டுதான் கதைக்க வேணும்.

எஞ்சினில இருந்து தொடங்குவம். சோர்ஸ் கோட் இணையத்தில கிடக்குது, ஆரும் எடுத்துத் திருத்தலாம், அதால ஓப்பின் சோர்ஸ் எண்டு உங்கட கூட்டாளி நினைக்கிறார், கனபேர் அப்பிடித்தான் நினைக்கினம். ஆனா கோட் ஃபைல் ஒண்டைத் திறந்து மேல இருக்கிற முதல் நாலஞ்சு வரியை வாசிச்சுப் பாருங்கோ. இது கேமைச் செய்த வொலிஷன் கொம்பனியின்ர சொத்து, இந்தக் கோட்டையோ இதை வைச்சு நீங்கள் உருவாக்கினதையோ விக்கக்கூடாது, வியாபாரத்துக்குப் பாவிக்கக்கூடாது எண்டு எழுதியிருக்கும். கேம் வந்தது 1999இல, கோட்டை அவை வெளிய விட்டது 2002இல, அண்டைக்குப் போட்ட நிபந்தனைதான் இண்டைக்கும். அந்தக் கோட்டை வாங்கி இவ்வளவு காலமா வளத்துக்கொண்டு வாற ரசிகர்கள் எத்தினை ஆயிரம் வரி புதுசா எழுதினாலும் அடியில கிடக்கிற கோட் வொலிஷன்ர தானே, அதால அவைக்கும் அந்த நிபந்தனையை மாத்த வழியில்லை. கொம்பனி 2023 ஓகஸ்ட்ல மூடுப்பட்டிட்டுது. மூடினாப் பிறகு ஆர் கேக்கப் போறாங்கள் எண்டு உங்கட கூட்டாளி கேப்பார். கொம்பனி மூடுப்பட்டா உரிமை காத்தோட போறேல்லை தம்பி, கைமாறும். வொலிஷனை வைச்சிருந்த டிஎச்க்யூ கொம்பனி முறிஞ்சு எல்லாத்தையும் ஏலம் விட்ட நேரம், 2013இல, ஃப்ரீஸ்பேஸ் பேருக்கும் கதைக்கும் இருந்த உரிமையை இன்டர்பிளே கொம்பனி 7,500 டொலருக்கு எடுத்தது. எவ்வளவு மலிவாப் போனாலும் வாங்கினவன் சொந்தக்காரன்தான்.

இதோட டூம் எண்ட பழைய துப்பாக்கிச் சண்டைக் கேமை வைச்சுப் பாத்தா வித்தியாசம் விளங்கும். அதைச் செய்த ஐடி சொஃப்ட்வெயார் டூமின்ர கோட்டை 1997 டிசம்பரில விட்டநேரம் அதுக்கும் இதே மாதிரி வியாபாரத்துக்கு இல்லை எண்ட நிபந்தனைதான் இருந்தது, பிறகு 1999இல அதை ஜிபிஎல் எண்ட திறந்த லைசன்ஸுக்கு மாத்தினவை, அதுக்குப் பிறகு ஆரும் விக்கலாம், வாங்கினவைக்குக் கோட்டையும் குடுத்தாச் சரி. அதே வருசம் அவையின்ர குவேக் கேம், 2005இல குவேக் 3, எல்லாம் ஜிபிஎல். ஸ்டார் வார்ஸ் ஜெடை அகடமி கேமின்ர கோட்டும் 2013இல, லூகாஸ்ஆர்ட்ஸ் கொம்பனி மூடுப்பட்டநேரம், அந்த வழியாலதான் வந்தது. ஆனா இதில ஒண்டைக் கவனிக்க வேணும், வெளிய வந்தது எஞ்சின் மட்டும், டூமின்ர பேய், சுவர், சத்தம், மப் (விளையாடுற இடத்தின்ர வரைபடம்) எல்லாம் தனி ஃபைல்ல இருக்கு, அதுக்கு இண்டைக்கும் கொப்பிரைட் இருக்கு, அதாலதான் ஃப்ரீடூம் எண்டு ஒரு கூட்டம் வருசக்கணக்கா இருந்து படம், சத்தம், மப் எல்லாத்தையும் புதுசாச் செய்தது. எஞ்சினுக்கு ஒரு சொந்தக்காரர், அதுக்குள்ள ஓடுற உலகத்துக்கு இன்னொரு சொந்தக்காரர், இது எல்லா மொட்டிலயும் இருக்கும்.

உங்கட மொட்டில அந்த உலகம் வோர்னர் பிரதர்ஸ்ன்ர. ஸ்டார்ஃபியூரி எண்ட அந்தத் தொடரின்ர சண்டைக் கப்பலை நீங்கள் பிளெண்டர் எண்ட 3டி மென்பொருளில ஒவ்வொரு புள்ளியா வைச்சுத்தான் கட்டினீங்கள், எனக்குத் தெரியுது, செட்டையில இருக்கிற காயம் கூட வடிவா வந்திருக்கு. ஆனா அந்த வடிவம் அவையின்ர. நாங்கள் ஒரு ஃபைலையும் களவெடுக்கேல்லை, எல்லாம் கையால செய்தம் எண்டு சொல்லி இதில தப்பேலாது, அமெரிக்காவில அது நீதிமன்றம் வரைக்கும் போய்த் தோத்த கதை. ட்யூக் நியூகெம் 3டி எண்ட கேமுக்கு ரசிகர்கள் செய்து இணையத்தில போட்ட 300 லெவலை மைக்ரோ ஸ்டார் எண்ட கொம்பனி அள்ளி ஒரு சீடியில போட்டு வித்தது. அந்த மப் ஃபைல்களுக்குள்ள கேமின்ர படம் ஒண்டும் இல்லை, எந்தச் சுவரை எங்க வை, எந்த எதிரியை எங்க நிப்பாட்டு எண்ட குறிப்பு மட்டும்தான், அப்ப எப்பிடிக் கொப்பிரைட் மீறல் எண்டு அவை வாதாடினவை. 1998இல தீர்ப்பு வந்தது, அந்த லெவல் எல்லாம் ட்யூக்கின்ர அடுத்த கதைகள், அடுத்த கதை எழுதுற உரிமை சொந்தக்காரனுக்குத்தான் எண்டு. லெவல் செய்யிற எடிட்டரோட வந்த லைசன்ஸ்லயும் சும்மா பகிரலாம், விக்கக்கூடாது எண்டுதான் இருந்தது. எனக்கு அந்தக் கேஸில மனசில நிக்கிறது அந்த 300 லெவலையும் செய்த ஆக்கள், காசு கண்டது சீடி அடிச்சவன்.

ஸ்டார் ட்ரெக் ரசிகர்கள் தாங்களே எடுக்க இருந்த ஆக்ஸனார் படத்துக்கு இணையத்தில மில்லியன் டொலருக்கு மேல சேத்தபிறகு, 2015 டிசம்பரில ஸ்டார் ட்ரெக்கின்ர சொந்தக்காரர் பரமவுண்டும் சிபிஎஸ்சும் வழக்குப் போட்டினம், 2017 ஜனவரியில சமாதானமா முடிஞ்சுது. நடுவில 2016இல ரசிகர் படங்களுக்கெண்டு விதி வந்திட்டுது, ஒரு கதை எண்டா 15 நிமிசம், கூடினது ரெண்டு பாகமா 30 நிமிசம், சேக்கிற காசு 50,000 டொலருக்கு மேல போகக்கூடாது எண்டு. அதுக்கு முந்திக் கனகாலமா சும்மா படமெடுத்துக் காட்டின ஆக்களை அவை பெரிசாத் தொடேல்லை. பெரிய காசு கைமாறத் தொடங்கினாத்தான் வக்கீல் வருவார். அதால காசில்லாமல் விடுறதைப் பற்றி நான் உங்களைப் பயப்பிடுத்த மாட்டன். உங்கட எஞ்சினிலயே பபிலோன் 5க்கு பபிலோன் ப்ராஜெக்ட் எண்ட மொட் இருக்கு, பட்டில்ஸ்டார் கலக்டிகா டிவித் தொடருக்கு டயஸ்போரா எண்டது 2012இல வந்தது, எல்லாம் சும்மா தாறதுதான். அது பூரண பாதுகாப்பு எண்டும் சொல்லேலாது, சொந்தக்காரர் எடு எண்டா எடுக்கத்தான் வேணும், ஆனா ரசிகர்கள் இவ்வளவு காலமும் அந்த இடத்தில நிண்டுதான் வேலை செய்திருக்கினம்.

சரி, இப்ப ஃபோல்டருக்கு வாறன். முதல் நாலு மிஷனும் பபிலோன் 5, நல்லாத்தான் இருக்கு, ஆனா அஞ்சாவது தொடங்கினதும் நான் கதிரையில நிமிந்து இருந்திட்டன். ஐஸ் வெட்டித் தண்ணியாக் கொண்டுவாற அந்தப் பெரிய கப்பல், அதுக்கு எங்கட குளத்தின்ர பேர், இரணைமடு, வயித்தில வரிசையா வான்கதவு, ஒவ்வொரு கதவா அடிபட அடிபடத் தண்ணி வெளிய பாய்ஞ்சு உறைஞ்சு வெள்ளையா நிக்குது, அதுக்குள்ளால நாங்கள் ஓட்ட வேணும். கப்பல் விபரம் எழுதியிருக்கிற டேபிள் ஃபைலை நோட்பாட்டில திறந்து பாத்தன், ஒவ்வொரு கதவையும் தனித்தனியா உடையக்கூடிய பாகமா (சப்சிஸ்டம்) எழுதி, நடுக்கதவுக்கு மட்டும் பலத்தைக் குறைச்சு வைச்சிருக்கிறியள், அதாலதான் எப்பவும் நடுக்கதவு முதல் உடையுது, விளையாடுறவனுக்கு ஏனெண்டு தெரியாது, ஆனா பதறுவான். அந்தநேரம் ரேடியோவில ஒரு பிள்ளையின்ர குரல், "மூண்டாம் கதவு துறக்கேல்லை, சுத்தி வாங்கோ, சுத்தி வாங்கோ" எண்டு, நடிப்பே இல்லை, வயலில நிண்டு கூப்பிடுற மாதிரி. விண்வெளிக் கதையில எங்கட ஊர்ப் பேச்சை நான் இப்பிடிக் கேட்டதே இல்லை தம்பி. அஞ்சாவது, ஆறாவது ரெண்டு மிஷனிலயும் பபிலோன் 5 கப்பல் ஒண்டுகூட இல்லை, பாத்தீங்களோ? உங்கட கேம் அதுதான்.

ஆனா அந்த இரணைமடு ஆர் செய்தது எண்டு உங்கட ரீட்மி ஃபைலில தேடினா, கொழும்புக்குப் போன பெடியன்ர பேர்தான் கிடக்கு. உங்கட உண்மையான பிரச்சினை வோர்னர் பிரதர்ஸ் இல்லை, இதுதான். இலங்கையில 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கு, அதில பதிவு கிதிவு ஒண்டும் தேவையில்லை, உருவாக்கின அந்த நேரமே உரிமை உருவாக்கினவருக்கு. அதை இன்னொராளுக்கு மாத்திக் குடுக்கிறதெண்டா எழுத்தில, கையெழுத்தோட இருக்க வேணும். அஞ்சு பேரும் சேந்து ஒரு அறையில இருந்து செய்தம், கரண்ட் பில் நான் கட்டினன், லப்டொப் நான் குடுத்தன் எண்டதெல்லாம் மொடலின்ர உரிமையை உங்களுக்குத் தராது. குத்தகைக்கு எடுத்த வயலில எவ்வளவு பாடுபட்டாலும் காணி உறுதி ஆற்ற பேரில எண்டுதான் கடைசியில பாப்பினம். அதால அவன் எடு எண்டு கேக்கிறது கோவத்தில கேக்கிறதா இருந்தாலும் நியாயம் அவன்ர பக்கம்தான், அவன் சம்மதிக்கும் வரைக்கும் இரணைமடுவை வெளிய விடாதேங்கோ, சும்மாவும் விடாதேங்கோ. அந்தப் பிள்ளையின்ர குரலுக்கும் இதே கதைதான், அவவிட்டையும் கேட்டு எழுதி வாங்குங்கோ, ரீட்மியில அவவின்ர பேரே இல்லை, "குரல்: குழு" எண்டு போட்டிருக்கு, அதை இண்டைக்கே திருத்துங்கோ.

மொட் குழு உடையிறது புதுக்கதையும் இல்லை. டயஸ்போராவைச் செய்த ஆக்களே முந்தி பியோண்ட் த ரெட் லைன் எண்ட மொட்டில இருந்து பிரிஞ்சு வந்தவைதான். பிரிஞ்சாலும் நல்லதொண்டு வந்தது. ஆனா வெளிநாட்டில பெரிய ரசிகர் கூட்டம், ஒரு ஆள் போனா இன்னொரு ஆள் வரும். வன்னியில பிளெண்டரில இப்பிடிக் கப்பல் கட்டுற பெடியனை எங்க தேடுவீங்கள்? நீங்கள் ரெண்டு பேர் கொழும்புக்கு வெளிக்கிட்டுப் போங்கோ, யாழ்தேவி எடுத்தா ஒரு நாளில போகலாம், ஃபோனில கதைச்சா இது தீராது. கனடா அண்ணா காசு தாறார் எண்ட கதையோட தொடங்காதேங்கோ, இரணைமடு உன்ர, உன்ர பேரிலயே இருக்கட்டும், இந்தக் கேமில பாவிக்க எங்களுக்கு அனுமதி தா, வித்தா உனக்கு இவ்வளவு பங்கு எண்டு தொடங்குங்கோ. ஒத்துக்கொண்டா ஒரு பக்கத் தாளில ஆர் எதைச் செய்தது, ஆற்ற பேர் எங்க வரும், காசு வந்தா எப்பிடிப் பிரிக்கிறது, ஒராள் விலகினா அவற்ற வேலை கேமில இருக்குமோ இல்லையோ எண்டு எழுதி எல்லாரும் கையெழுத்து வையுங்கோ. தமிழிலயே எழுதலாம்.

எஞ்சின் மாறுறதைப் பற்றிக் கேட்டிருந்தீங்கள். பபிலோன் 5 கப்பலோட எந்த எஞ்சினுக்குப் போனாலும் பிரச்சினை கூடவே வரும். இரணைமடுக் கதையை மட்டும் எடுத்துக்கொண்டு போறதெண்டா என்ர விருப்பம் கொடோ. அது எம்ஐடி லைசன்ஸ், 2014இல இருந்து திறந்த கோட், நீங்கள் வித்தாலும் ஒரு சதம் கேக்க மாட்டினம், கேமோட அந்த லைசன்ஸ் எழுத்தைச் சேத்துப் போட்டாச் சரி. நீங்கள் எடுத்து வைச்ச வேர்சனுக்கு உள்ள அனுமதியை நாளைக்கு ஒருத்தர் வந்து திருப்பி எடுக்கவும் ஏலாது. யுனிட்டியில 2023 செப்டெம்பரில ஒவ்வொரு இன்ஸ்டோலுக்கும் காசு எண்டு அறிவிச்சு, ஏற்கெனவே கேம் வித்துக்கொண்டு இருந்தவையும் பதறி, அதைப் பிறகு குறைச்சு, கடைசியில 2024 செப்டெம்பரில முழுசாக் கைவிட்டவை. கைவிட்டது நல்லம், ஆனா நிபந்தனை கொம்பனியின்ர கையில இருந்தா இப்பிடி நடக்கலாம் எண்டு அண்டைக்கு எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. அன்ரியல் எண்ட இன்னொரு எஞ்சினில மில்லியன் டொலர் தாண்டினாத்தான் 5 வீதம் கேப்பினம், அது உங்களுக்கு இப்ப கவலையில்லை, ஆனா டவுன்லோடே பத்துக்கணக்கான ஜிபி, பரந்தனில டேட்டா போட்டு இறக்கிறவைக்கு அதுவே பெரிய செலவு. கொடோ நூறு எம்பி அளவிலதான், பழைய லப்டொப் எண்டா கொம்பட்டிபிலிட்டி ரெண்டரர் எண்டதைத் தெரிவு செய்யுங்கோ, ஓடும்.

மிஷன் எடிட்டரில செய்த வேலை அப்பிடியே வராது, அதைத் திரும்பத்தான் எழுத வேணும், கஸ்டம்தான். ஆனா பிளெண்டர் மொடலை ஜிஎல்டிஎஃப் எண்ட ஃபைல் வகையா ஆக்கிக் கொண்டுபோகலாம், குரல் ஃபைல் அப்பிடியே வரும், கதை வரும். நாலாவது மிஷனில ஓடுற அந்தத் தமிழ்ப் பட மியூசிக்கை மட்டும் சும்மா விடுற மொட்டில இருந்தும் எடுத்திடுங்கோ, பறை அடிக்கத் தெரிஞ்ச ஆக்கள் உங்கட பக்கத்திலயே இருக்கினம், கேட்டுப் பதிஞ்சு, அவையின்ர பேரும் அந்தத் தாளில வரட்டும்.

கதைக்கு உலகம் போதாதெண்டு நினைக்காதேங்கோ. முல்லைத்தீவுப் பக்கம் ஆடுற கோவலன் கூத்து, வற்றாப்பளைக் கண்ணகி, 1803இல முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடிச்ச பண்டாரவன்னியன், இந்தக் கதைகளை விண்வெளிக்குக் கொண்டுபோறதுக்கு ஒருத்தரிட்டையும் லைசன்ஸ் எடுக்கத் தேவையில்லை. கூத்துப் பழக்கிற ஒரு அண்ணாவியார் இப்ப எழுதி வைச்சிருக்கிற பாட்டை வரிக்கு வரி எடுக்கிறதெண்டா மட்டும் அவரிட்டக் கேளுங்கோ.

கனடா அண்ணாவிட்ட இப்பவே சொல்லுங்கோ, பபிலோன் 5 மொட் விக்கிறதுக்கில்லை, அது சும்மாதான் வெளிவரும், அதுக்கெண்டு காசு அனுப்ப வேண்டாம் எண்டு. இரணைமடு தனிக் கேமா வாறதெண்டா, கொழும்பில கையெழுத்து விழுந்த பிறகு அவரோட கதைக்கலாம், அவருக்கும் எழுத்திலதான்.