வடகடலில் உப்பு பார்ப்பது எப்படி?

கடல்மட்டம் உயர்வதைப் பற்றிப் போன மாதம் நாலு வரி எழுதினேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் உப்பைப் பற்றித்தான் கேட்டிருந்தன. நார்வேயின் பெர்கன் துறைமுகத்திலிருந்து போகும் ஆராய்ச்சிக் கப்பல்களில் தண்ணீர் பாட்டில்களோடு காலம் கழித்தவனிடம் உப்பைப் பற்றிக் கேட்டால் விடுவேனா? இந்த மாதம் முழுக்க அதுதான்.

கடல் என்றால் எங்கும் ஒரே உப்புதானே? வடதுருவப் பக்கம் கொஞ்சம் கூடினால் குறைந்தால் என்ன ஆகிவிடும்?
ஆர்.எம்., காரைக்குடி

ஒரே உப்பு இல்லை. நார்வேக்கு மேற்கே வந்து சேரும் அட்லாண்டிக் நீரில் கிலோவுக்கு 35 கிராம் உப்பு இருக்கும். ஆர்க்டிக் கடலின் மேற்பரப்பில் பல இடங்களில் அது 30 கிராம் அளவுதான். சைபீரிய ஆற்று முகங்களில் இன்னும் குறைவு. உலகக் கடல்நீரில் நூற்றில் ஒரு பங்குதான் ஆர்க்டிக்கில் இருக்கிறது. ஆனால் உலக ஆறுகள் கடலில் சேர்க்கும் நீரில் பத்தில் ஒரு பங்கு அங்கே போய் விழுகிறது. ஓப், எனிசே, லேனா என்று எல்லாம் பெரிய ஆறுகள். இது போதாதென்று குளிர்காலத்தில் கடல் உறையும்போது பனிக்கட்டி உப்பை வெளியே தள்ளும், கோடையில் உருகும்போது மேலே நல்ல தண்ணீரைப் பரப்பும்.

என்ன ஆகிவிடும் என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். நீரின் அடர்த்தியை வெப்பமும் உப்பும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. 30 டிகிரி வெதுவெதுப்பான கடலில், உப்பு ஒரு கிராம் கூடுவதும் வெப்பம் இரண்டு டிகிரி சொச்சம் குறைவதும் அடர்த்திக்கு ஏறக்குறைய சமம். பூஜ்யம் டிகிரிக்குப் பக்கத்தில் அதே ஒரு கிராமுக்கு ஈடுகட்ட சுமார் 15 டிகிரி வேண்டும். அதாவது குளிர்கடலில் மேல்நீர் கனத்துக் கீழே இறங்குமா, மேலேயே கிடக்குமா என்பது உப்பின் கையில் இருக்கிறது. கனடாவுக்கும் கிரீன்லாந்துக்கும் இடையிலுள்ள லாப்ரடார் கடலிலும், கிரீன்லாந்துக் கடலிலும் குளிர்காலத்தில் அப்படி இறங்கும் நீர்தான் அட்லாண்டிக்கின் ஆழச் சுழற்சிக்கு ஊட்டம். மேலே உப்புக் குறைந்த நீர் மூடிக்கொண்டால் அந்த இறக்கம் தடைபடும்.

செயற்கைக்கோள் பல நூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்து உப்பை அளக்கிறது என்று படித்தேன். நம்பும்படியாக இல்லையே?
பள்ளி ஆசிரியர், மார்த்தாண்டம்

நம்பலாம் ஐயா, ஆனால் அளவோடு நம்ப வேண்டும்.

கடல் உட்பட எல்லாப் பொருளும் மெல்லிய நுண்ணலைகளை வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது. உப்பு கூடினால் நீர் மின்சாரத்தைக் கூடுதலாகக் கடத்தும். அதனால் 1.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அது வெளியிடும் கதிர்வீச்சு சற்றுக் குறையும். செயற்கைக்கோள் கேட்பது அதைத்தான். அதுவும் மேல் ஒரு சென்டிமீட்டர் நீரிலிருந்து வருவதை மட்டும். 2009 நவம்பரில் ஐரோப்பா அனுப்பிய ஸ்மோஸ், மூன்று கைகளில் 69 ஏற்பிகளைப் பரப்பி வைத்துக்கொண்டு இந்த வேலையைத் தொடங்கியது. அமெரிக்காவும் அர்ஜென்டினாவும் சேர்ந்து அனுப்பிய அக்வேரியஸ் 2011 முதல் 2015 வரை ஓடியது. 2015 ஜனவரியில் போன ஸ்மாப் மண் ஈரம் பார்க்கப் போனதுதான், கடல் உப்பையும் பார்க்கிறது.

சிக்கல் குளிரில் வருகிறது. கதிர்வீச்சின் அளவைக் கருவி டிகிரியில்தான் சொல்லும், அது நீரின் நிஜ வெப்பம் அல்ல. 30 டிகிரி நீரில் உப்பு ஒரு அலகு, அதாவது கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு கிராம், மாறினால் கருவிக்கு 0.7 டிகிரி அளவு வித்தியாசம் தெரியும். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் அது 0.3க்கும் கீழே போய்விடுகிறது. கருவி அதேதான், அதன் இரைச்சலும் அதேதான். பிழை மட்டும் இரண்டு மூன்று மடங்கு. உப்பு எங்கே அதிகம் முக்கியமோ அங்கேதான் நம் கண் மங்குகிறது. எனக்கு இதில் எப்போதும் ஒரு எரிச்சல் உண்டு.

இன்னும் இருக்கிறது. வடகடல் காற்று அலைகளைக் கிளப்பும், கிளம்பிய அலை கதிர்வீச்சை மாற்றும். கடல் பனி இந்த அலைவரிசையில் நீரைவிட இரண்டு மடங்குக்கு மேல் 'சூடாக'த் தெரியும். செயற்கைக்கோளின் ஒரு பார்வைப் புள்ளி நாற்பது கிலோமீட்டர் அகலம். அதன் ஓரத்தில் கொஞ்சம் பனி மிதந்தாலும் அந்த இடத்து எண்ணைக் குப்பையில் போட வேண்டியதுதான்.

அப்புறம் ராடார். 1400 முதல் 1427 மெகாஹெர்ட்ஸ் வரை யாரும் ஒலிபரப்பக் கூடாது என்று உலகம் முழுக்க விதி உண்டு. ஆனாலும் வட அமெரிக்காவின் வடகோடி ராடார்களின் கசிவால் ஸ்மோஸின் ஆரம்ப கால வட அட்லாண்டிக் படங்கள் பல இடங்களில் கெட்டுப்போயின. கல்யாண வீட்டு மேளத்துக்கு நடுவே காதோடு சொல்லும் சேதியைக் கேட்கிற கதை. 2011 இலையுதிர் காலத்திலிருந்து கனடா தன் ராடார்களைச் சீரமைக்கத் தொடங்கியது, அதன் பிறகு நிலைமை தேறியது.

கப்பலில் எப்படி அளப்பீர்கள்? காய்ச்சிப் பார்த்து உப்பை எடைபோடுவீர்களா?
கடலுயிரியல் மாணவி, பரங்கிப்பேட்டை

காய்ச்சினால் சரியாக வராதம்மா. நீர் முழுதும் போகுமளவு சூடாக்கினால் சில உப்புகளும் சிதைந்து ஆவியாகிவிடும். அதனால்தான் டென்மார்க்கின் மார்ட்டின் க்னுட்சன் 1901இல் வேறு வழியை வகுத்துக் கொடுத்தார். வெள்ளி நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குளோரைடை அளப்பது, அதிலிருந்து அட்டவணை பார்த்து மொத்த உப்பைக் கணக்கிடுவது. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய தரநீர் கோபன்ஹேகனிலிருந்து உலகம் முழுக்கப் போனது. இப்போது அது இங்கிலாந்தில் தயாராகிறது. 1978இல் மின்கடத்து திறனை வைத்து உப்பைச் சொல்லும் அளவுகோலை வகுத்தார்கள். குறிப்பிட்ட பொட்டாசியம் குளோரைடு கரைசலோடு ஒப்பிடும் விகிதம்தான் அது. அதனால் அந்த எண்ணுக்கு அலகே கிடையாது. வசதிக்காக நாங்களெல்லாம் அலகு என்று சொல்லிக்கொள்வோம்.

கப்பலின் அடிப்பக்கத்திலிருந்து குழாய் வழியாக நீரை இழுத்துக்கொண்டே அளக்கும் கருவி போகிற வழியெல்லாம் பதிவு செய்யும். ஆனால் அதன் கலத்தில் பாசி படியும், எண் மெல்ல விலகும். ஆகவே பாட்டிலில் நீர் பிடித்துத்தான் சரிபார்க்க வேண்டும்.

பாட்டில் பிடிப்பதில் ஒரு ஒழுங்கு உண்டு. பிடிக்கப் போகும் அதே நீரால் மூன்று தடவை அலச வேண்டும். தோள்பட்டை வரை நிரப்பிக் கழுத்தைத் துடைக்க வேண்டும். அங்கே காய்ந்து நிற்கும் உப்புத் தூள் ஒன்று உள்ளே விழுந்தாலும் போச்சு. மூடி சரியாக இறுகாவிட்டால் நீர் ஆவியாகி, இல்லாத உப்பு ஏறிவிடும். பிறகு பாட்டில்களை ஆய்வகத்திலேயே வைத்து அறை வெப்பத்துக்கு வரவிட வேண்டும். உப்புமானி ஓடும்போது கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. வெளிக்குளிர் உள்ளே வந்து அறை வெப்பம் ஆடினால் கடைசி எண்ணும் ஆடும். ஒழுங்காகச் செய்தால் 0.002 வரை நம்பலாம். குளிர்கடலில் செயற்கைக்கோளின் எண் அரை அலகு பிசகினால்கூட நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

இன்னொன்று. கடலுக்குள் இறக்கும் கருவியின் மின்கடத்து கலம் கண்ணாடி. மேலே ஏற்றியதும் உறைகுளிர் காற்றில் விட்டால் உள்ளே தங்கிய நீர் உறைந்து கண்ணாடி விரியும். கருவி தளத்துக்கு வந்த உடனே கூடாரத்துக்குள் தள்ளிவிட வேண்டும். டீ குடிப்பதெல்லாம் அப்புறம்.

உப்பு குறைந்ததை யாராவது நேரில் கண்டிருக்கிறார்களா, எல்லாம் கணினிக் கணிப்புதானா?
எஸ்.கே., திருச்சி

கண்டிருக்கிறார்கள், செயற்கைக்கோள் வருவதற்கு வெகு முன்னாலேயே. 1960களின் பிற்பகுதியில் கிரீன்லாந்துக்கும் ஸ்வால்பார்டுக்கும் இடையிலுள்ள ஃப்ராம் நீரிணை வழியாக வழக்கத்தைவிட அதிகப் பனியும் நல்ல நீரும் தெற்கே வந்தன. ஐஸ்லாந்தின் வடகரையில் கடல் பனி வந்து மோதிய ஆண்டுகள் அவை. அந்த உப்புக் குறைந்த நீர்த்திட்டு 1971-73இல் லாப்ரடார் கரையோரம் தெற்கே போனது. அப்போது குறைந்திருந்த உப்பு 7,200 கோடி டன் என்று கணக்கிட்டார்கள். அது வட அட்லாண்டிக்கைச் சுற்றி, நார்வேக் கடல் வழியாக 1981-82இல் மறுபடி கிரீன்லாந்துக் கடலுக்கே வந்து சேர்ந்தது. 'பெரும் உப்புப் பிறழ்வு' என்று டிக்சனும் மூன்று கூட்டாளிகளும் 1988இல் எழுதினார்கள். லாப்ரடார் கடலில் நங்கூரமில்லாமல் காத்துக் கிடந்த பிராவோ என்ற வானிலைக் கப்பலின் அளவீடுகள் இதில் பெரிய சாட்சி. வானிலைக்காக நின்ற கப்பல்தான். போகிற போக்கில் உப்பையும் பார்த்து வைத்தார்கள், புண்ணியவான்கள்.

ஃபாரோ தீவுகளுக்கும் ஷெட்லாந்துக்கும் இடையே 1893 முதல் பார்த்து வருகிறார்கள். 2012 முதல் 2016 வரை கிழக்கு வட அட்லாண்டிக்கில் உப்பு சட்டென்று குறைந்தபோது, 120 ஆண்டுகளில் இதுதான் பெரிது என்று தைரியமாகச் சொல்ல முடிந்தது அப்படிப்பட்ட நீண்ட பதிவுகளால்தான். காரணம் என்ன தெரியுமா? குளிர்காலக் காற்றின் போக்கு மாறி, வட அமெரிக்கக் கரையோரம் போக வேண்டிய ஆர்க்டிக் நீரைக் கிழக்கே திருப்பிவிட்டது. உப்பு குறைந்தது என்றாலே பனி உருகிவிட்டது என்று தலைப்புப் போடும் நண்பர்கள் இதைக் கவனிக்கலாம்.

ஆர்கோ மிதவைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும்போது செயற்கைக்கோள் எதற்கு?
பொறியாளர், சென்னை

ஆர்கோ என்பது கடலில் தானே மூழ்கி எழுந்து வெப்பமும் உப்பும் அளக்கும் மிதவை. அது பெரும்பாலும் மேல் ஐந்து மீட்டர் வந்ததும் பம்பை நிறுத்திவிடும், மேல்பரப்பு அழுக்கு உள்ளே போகக் கூடாதென்று. பனி உருகிய நீர் தங்குவதோ அந்த மேல் சில மீட்டரில். தலைக்கு மேல் பனி இருந்தால் மிதவையால் மேலே வரவும் முடியாது. சைபீரியாவுக்கு வடக்கே காரா கடலில் கோடையில் ஓப், எனிசே நீர் பரவுவதைப் பாருங்கள், உப்பு பல அலகுகள் குறையும். அவ்வளவு பெரிய மாற்றத்தை மங்கலான கண்ணும் பிடித்துவிடும். அங்கே செயற்கைக்கோள்தான் ராஜா. 2022இல் நாசா அலாஸ்காவுக்கு வடக்கே போஃபோர்ட் கடலில் கப்பல், விமானம், ஆளில்லாப் படகு எல்லாவற்றையும் இறக்கிப் பனி விளிம்பின் உப்பை ஒரே நேரத்தில் அளந்தது. கடல்நாய்களின் தலையில் கருவி ஒட்டி அனுப்புவதும் உண்டு. முடி உதிரும்போது கருவியும் உதிர்ந்துவிடும்.

இத்தனை வருட அனுபவத்தில், நாக்கில் வைத்தே உப்பைச் சொல்லிவிடுவீர்களா?
இல்லத்தரசி, சிவகாசி

பால்டிக் கடலின் வடகோடி என்றால் சொல்லிவிடுவேன், அங்கே கிலோவுக்கு மூன்று கிராம் அளவுதான். 34.9க்கும் 35க்கும் எந்த நாக்கும் உதவாது. தவிர, மாதிரி பாட்டிலுக்குள் விரல் விட்டதைத் தலைமை ஆய்வாளர் பார்த்தால் அன்று ராத்திரி முழுக்க பாட்டில் கழுவும் வேலை நமக்குத்தான்.