இணையப் படிவத்தில் பாதியாகிப்போன புகார்

கேள்வி: புதிதாக வாங்கிய சலவை இயந்திரம் பழுதானது. நிறுவனத்தின் இணையப் படிவத்தில் புகார் எழுதினேன். 1000 எழுத்துகள் வரை எழுதலாம் என்றிருந்தது. எண்ணிப் பார்த்து அதற்குள் வேறிடத்தில் எழுதி, பெட்டியில் ஒட்டி அனுப்பினேன். ஆனால் பணத்தைத் திரும்பக் கேட்டிருந்த கடைசிப் பத்தி அவர்களுக்குப் போய்ச் சேரவே இல்லை. தவறு என்னுடையதா?

பதில்: இல்லை. நாம் எண்ணும் எழுத்து வேறு, கணினி எண்ணுவது வேறு. ‘தமிழ்’ நமக்கு மூன்றெழுத்து. கணினிகள் எழுத்துகளுக்குப் பயன்படுத்தும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் அது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள். அவற்றைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட் (கணினியின் சேமிப்பு அலகு) என்பதால் மொத்தம் 15 பைட். படிவம் குறியீடுகளைக் கணக்கிட்டாலே உங்கள் 1000 எழுத்து எல்லையைத் தாண்டிவிடும். பைட்டைக் கணக்கிட்டால் மூன்றில் ஒரு பங்குகூட நிற்காது. எல்லை வைத்த பெட்டியில் நீண்ட உரையை ஒட்டினால், மிஞ்சிய பகுதியைப் பல உலாவிகள் ஓசையில்லாமல் வெட்டிவிடுகின்றன. எச்சரிக்கை வருவதில்லை. வாடிக்கையாளரின் குறையைக் கேட்பதற்கென்றே வைத்த படிவம் இப்படி நடந்துகொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை. எத்தனை எழுத்து மீதமிருக்கிறது என்று காட்ட வேண்டியது நிறுவனத்தின் கடமை.

வேறிடத்தில் எழுதி வைத்தது நல்லது. மூலம் உங்களிடம் இருக்கிறது. பெட்டியிலேயே நேரடியாக எழுதுவோருக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. பி.எச்.பி. என்ற நிரல்மொழியில் இயங்கும் தளங்களில் அமர்வுக்கான (நீங்கள் உள்நுழைந்திருப்பதைத் தளம் நினைவில் வைத்திருக்கும் நேரத்துக்கான) இயல்புக் கெடு 1440 விநாடி, அதாவது 24 நிமிடம். நிதானமாக யோசித்து எழுதுபவர் அதைத் தாண்டினால், ‘அனுப்பு’ பொத்தானை அழுத்தியதும் மீண்டும் உள்நுழையச் சொல்லலாம், எழுதியதும் போய்விடலாம்.

ஒட்டியபின் பெட்டியின் அடிவரை சென்று உங்கள் கடைசி வாக்கியம் இருக்கிறதா என்று பாருங்கள். அதைவிட முக்கியம், கோரிக்கையைக் கடைசியில் வைக்காதீர்கள். ஆர்டர் எண், வாங்கிய தேதி, என்ன பழுது, பணமா மாற்றுப் பொருளா என்பவை முதல் நான்கு வரிகளுக்குள் வந்துவிட வேண்டும். நடந்த கதை அதன் பிறகு வரட்டும்; வெட்டுப்பட்டாலும் இழப்பு குறைவு.

இப்போது செய்ய வேண்டியது: அதே புகார் எண்ணைக் குறிப்பிட்டு, முழு உரையையும் மின்னஞ்சலில் அனுப்புங்கள். முதல் புகாரின் தேதி உத்தரவாதக் காலத்துக்குள் இருந்தால் அதை விட்டுவிடாதீர்கள். புதிய புகாராகப் பதிவு செய்யச் சொன்னால் மறுத்து, பழையதோடு சேர்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பெட்டியில் ‘இணைப்பைப் பார்க்கவும்’ என்று மட்டும் எழுதி, விவரத்தை பிடிஎஃப் கோப்பாக இணைத்தால் போதாதா?

பதில்: போதாது. புகாரை எந்தப் பிரிவுக்கு அனுப்புவது என்பதைப் பெரும்பாலும் பெட்டியில் உள்ள வரிகளைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். சுருக்கம் பெட்டியில் இருக்கட்டும். ரசீதும் படங்களும் விரிவான விவரமும் இணைப்பில் போகட்டும். அனுப்பியதும் வரும் திரையைப் புகார் எண்ணும் தேதியும் தெரியும்படி படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.